கறுப்பு அங்கியை வாங்காதீர்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. நீங்கள் ஐந்து நண்பர்கள். கையில் ஆறு இலட்சம் ரூபாயும் ஒரு கமராவும் இருக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மலிவாக எடுக்கப்பட்ட 'மெசையா ஒஃப் ஈவில்' என்ற பேய்ப்படத்தைப் பார்த்து மூன்று இரவு தூக்கம் கெட்டது. அதுபோல வடமராட்சிக் கரையிலுள்ள மணற்காடு என்ற ஊரில் ஒரு படம் எடுக்க ஆசை. நள்ளிரவில் கடற்கரையில் கூடும் இரகசியக் கூட்டம், கறுப்பு அங்கி, தீப்பந்தம், கடைசியில் நரபலி. 'இந்தக் காசுக்கு முடியுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றையும் போட்டிருக்கிறீர்கள்: 'எங்கள் சனம் சிரித்துவிடுவார்களோ?' அதுதான் கேள்வி. காசுக்கு ஒரு பந்தி போதும். சிரிப்புக்குத்தான் நேரம் வேண்டும்.

நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒலிப்பதிவாளன். 22 வருடமாகக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் திரிகிறேன். கலியாண வீடு, கோயில் கொடியேற்றம், ஆவணப்படம், 30க்குக் கிட்டக் குறும்படங்கள். முழுநீளப் படத்தில் உதவியாளனாக மட்டுமே நின்றிருக்கிறேன். ஆகவே ஒலியைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கதையைப் பற்றிச் சொல்வது, மைக் கம்பைத் தூக்கிப் பிடித்தபடி பல படங்கள் கண்முன்னே கெட்டுப்போவதைப் பார்த்தவனின் அபிப்பிராயம். வெளிச்சம் என் தொழில் அல்ல. ஓரிடத்தில் மட்டும் வாய் திறப்பேன்.

இப்போது எழுதி வைத்திருக்கிறபடி எடுத்தால் சிரிப்பு நிச்சயம் வரும். அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாங்களும் இப்படி ஒன்று எடுத்தோம். பெரியகடையில் கறுப்புத் துணி வாங்கி எட்டு அங்கி தைப்பித்தோம். முகத்தை மூடிய எட்டுப் பேர் தீப்பந்தத்துடன் சவுக்கங்காட்டுக்குள்ளிருந்து வரிசையாக வருகிறார்கள். கமராவில் பார்த்தபோது எங்களுக்கே உடம்பு கூசியது. ஒரு பாடசாலை மண்டபத்தில் திரையிட்டோம். அங்கிகள் வந்தன. மண்டபம் அடங்கியது. நான்காவது அங்கி இரண்டு அடி எடுத்து வைத்ததும் முன்வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "டேய், அது எங்கள் கணக்கு ரியூசன் சேர்!" என்றான். பலி கொடுக்கும் கட்டம்வரை சிரிப்பு ஓயவில்லை. பலியானவரைப் பார்த்தும் சிரித்தார்கள்.

அன்று இரவு அங்கிகளை மடித்துப் பெட்டியில் வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெருநகரத்தில் முகமூடி ஆளை மறைக்கும். இங்கே நடையை வைத்தே இன்னாருடைய மகன் என்று சொல்லிவிடுவார்கள். ஒருவரையொருவர் இவ்வளவு தெரிந்த ஊரில் அறியாதவரைக் கொண்டு பயமுறுத்த நினைத்ததுதான் எங்கள் பிழை. அதே ஆசிரியர், முகமூடி இல்லாமல், வழக்கமான வெள்ளைச் சேர்ட்டுடன், இரவு பதினொரு மணிக்கு ஒழுங்கை முடக்கில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுப் படலையைப் பார்த்தபடி பேசாமல் நிற்கிறார் என்று வையுங்கள். அந்தப் பையன் எழுந்திருக்கமாட்டான்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த படத்தையே எடுத்துக்கொள்வோம். வில்லார்ட் ஹையக், குளோரியா காட்ஸ் என்ற இணையர் எடுத்தது. ஜோர்ஜ் லூகாஸுடன் சேர்ந்து 'அமெரிக்கன் கிராஃபிற்றி'யை எழுதியவர்களும் இவர்களே. ஓவியரான தகப்பனைத் தேடி ஒரு பெண் கலிபோர்னியக் கடலோர ஊருக்கு வருகிறாள். இரவில் ஊர்ச் சனம் கடற்கரையில் நெருப்பு மூட்டிக் கடலைப் பார்த்தபடி காத்திருக்கிறது. கதை அவ்வளவுதான், அதுவும் இடையிடையே அறுந்து அறுந்து போகிறது. கடற்கரைக் கட்டங்களை ஒதுக்கிவிட்டு, எது உங்களைத் தூங்கவிடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக இரண்டு கட்டங்கள். ஒன்று, வெளிச்சம் கொட்டுகிற பல்பொருள் அங்காடியில், இறைச்சித் தட்டுக்கு முன் ஊர்க்காரர்கள் கூடிப் பச்சை இறைச்சியைத் தின்றுகொண்டிருப்பது. மற்றது, அநேகமாக வெறுமையான திரையரங்கில் ஒரு பெண் படம் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் ஆட்கள் ஒருவர் ஒருவராக வந்து அமர்வது. இரண்டிலும் அங்கி இல்லை, பூசாரி இல்லை, மந்திரம் இல்லை. சாதாரண உடையில் சாதாரண மனிதர்கள். ஊர் முழுவதும் ஏதோ ஒன்றுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. நமக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்த வகைப் படத்தின் பயம் இதுதான். கடல் அதற்குப் பின்சுவர்.

இதை இங்கே எப்படிக் கொண்டுவருவது? பல்பொருள் அங்காடியையும் திரையரங்கையும் தேடிப் போகாதீர்கள். எங்களிடம் வாசிகசாலை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தகப்பனின் வீட்டை விற்க வந்த பெண் ஒருத்தி, மைமல் பொழுதில் நீள மேசையில் தனியாக இருந்து பழைய பத்திரிகைக் கட்டைப் புரட்டுகிறாள். ஒருவர் உள்ளே வருகிறார், பத்திரிகையை எடுக்கிறார், இருக்கிறார். பிறகு இன்னொருவர். கதிரை இழுபடும் சத்தம், பக்கம் புரட்டும் சத்தம், மின்விசிறியின் கரகரப்பு. நான்கு பேர், ஏழு பேர். பத்தாவது ஆள் இருந்த பிறகு பக்கம் புரட்டும் சத்தம் நின்றுவிடுகிறது. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. கமராவும் நிமிரக்கூடாது, அவள் விரல் ஒரு விளம்பரத்தின் மேல் அசையாமல் நிற்பதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செலவு: பத்துப் பேருக்குத் தேத்தண்ணீர், வடை.

கூட்டத்தின் தலைவரையும் அப்படியே யோசியுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் சடாமுடிச் சாமியார் இந்தியத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து நேரே இறங்கி வந்தவர். யாழ்ப்பாணத்தில் அதிகாரம் சடாமுடியுடன் வருவதில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வருகிறது. கையில் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கும். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, "பிள்ளை, அப்பா இருந்தபோது வருடந்தோறும் தருவார்" என்று மெல்லிய குரலில் சொல்வார்கள். அவள் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறாள். பொருளாளர் புத்தகத்தை விரித்து, கார்பன் தாளைச் சரிசெய்து, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அவர்கள் படலையைச் சாத்திய பிறகுதான் அவள் பார்க்கிறாள்: பெயரும் திகதியும் தொகையும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன, திகதி அவள் விமானம் ஏறுவதற்கு முந்தைய மாதத்தினுடையது. இதை எழுதும்போதே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கான பணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை நீங்கள் யோசியுங்கள். எனக்குத் தோன்றிய எல்லாமே இரத்தம் சொட்டுகின்றன, ஒன்றும் சரியில்லை.

காசு விஷயத்தில் ஒரு முன்னுதாரணம் போதும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர் ஹேர்க் ஹார்வி. ஒருமுறை கார் ஓட்டிப் போகும்போது யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்டெயர் என்ற கேளிக்கை மண்டபத்தைக் கண்டார். அந்தக் கட்டடம் மனதில் ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய 33,000 டொலரும் மூன்று வாரமும் செலவழித்து 1962இல் 'கார்னிவல் ஒஃப் சோல்ஸ்' படத்தை முடித்தார். அவர் எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம் அது. முகத்தில் வெள்ளை மாவும் கண்ணுக்குக் கீழே கருமையும் பூசிய ஆட்கள்தான் பேய்கள். ஓர்கன் வாத்தியம் ஒன்றுதான் இசை. 60 வருடத்துக்கு மேலாகியும் பார்க்கிறார்கள். கதையை எழுதிவிட்டு இடம் தேடவில்லை. இடத்தைப் பார்த்துவிட்டுக் கதையை எழுதுவித்தார். உங்கள் ஆறு இலட்சம் குறுகிய படம் ஒன்றுக்குப் போதும். அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒலிக்கு வையுங்கள். நான் ஒலிப்பதிவாளன் என்பதால் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆம், அதனாலும்தான்.

இப்போது எனக்கு உண்மையில் கவலை தருகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் சுருக்கத்தில் 'மீனவக் கிராமம் ஒன்றின் இரகசிய வழிபாடு' என்று ஒரு வரி இருக்கிறது. இந்த வரிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கடலோரத்துப் பாழடைந்த ஊர், அதன் சனம் கடலுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுக்குப் பலி கொடுக்கிறது என்ற கதையின் மூலப்பிரதி, அமெரிக்கப் பயங்கரக் கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் எழுதி 1936இல் நூலாக வந்த இன்ஸ்மவுத் கதை. மிகத் திறமையான கதைதான். ஆனால் அதற்குள் ஓடுகிற அருவருப்பு, வேற்று இனத்தவரோடு கலப்பதைப் பற்றி அந்த எழுத்தாளருக்கு இருந்த அருவருப்பு. அது இன்று மறைவான செய்தி அல்ல. இதைத் தெரியாமல் நாங்கள் இங்கே நகல் எடுத்தால் என்ன ஆகும்? பட்டணத்திலிருந்து கமராவுடன் போன பையன்கள், கடற்கரைச் சனத்தை மர்மமானவர்களாக, அசுத்தமானவர்களாக, மூடர்களாகக் காட்டுகிற படம் ஆகும். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெயர் பேய்ப்படம் அல்ல, சாதிப்படம். நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்பது தெரியும். திரைக்கு முன் இருப்பவருக்கு உங்கள் நினைப்பு தெரியாது.

எனக்கும் இது சும்மா தெரிந்ததல்ல. இன்னொரு குறும்படத்துக்காக வடமராட்சி கிழக்கில் ஒலி எடுத்துக்கொண்டிருந்தோம். கரைவலை இழுப்பவர்கள் முன்பு அம்பா பாடித்தான் இழுப்பார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் இழுக்கிறது, பாட்டும் அதோடு போய்விட்டது. நான் இயக்குநரிடம் சொன்னேன்: "இரவில் இருபது பேர் பாட்டே இல்லாமல் கயிறு இழுக்கட்டும். இழுத்துக்கொண்டே இருக்கட்டும். வலை வரக்கூடாது." இயக்குநர் துள்ளினார். பக்கத்தில் வாடியின், அதாவது மீனவர் கொட்டிலின், நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த முதிய சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) ஒருவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தப் படத்தில் நாங்கள் யார்?" எங்களிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவும் இல்லை. சுனாமிக்குப் பிறகு கொஞ்சக் காலம் சனம் மீன் வாங்கவில்லை, பிணம் தின்ற மீன் என்று சொன்னார்கள் என்றார். "அப்போதும் எங்களைத்தான் பார்த்தார்கள்" என்று சொல்லிவிட்டு மறுபடி பொத்தத் தொடங்கினார். அந்தக் காட்சியை நாங்கள் எடுக்கவில்லை. நல்ல காட்சி அது, இன்றும் மனதில் கயிறு இழுபட்டுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் எடுக்கவில்லை.

அதேபோல, இருக்கிற வழிபாடுகளைத் தொடாதீர்கள். ஆசை வரும், தெரியும். வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்தன்று சக்கரத்தாழ்வாரோடு சனம் மணல் கடந்து கடலுக்கு இறங்குவதைப் பார்த்தால் எந்த ஒளிப்பதிவாளனுக்கும் கை துருதுருக்கும். முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகைக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது, ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தகப்பனை இழந்தவர்கள் கூடுவது, எல்லாமே திரையில் அள்ளும். அவற்றைக் காட்டிப் பின்னணியில் பயங்கர இசையைப் போட்டால் படம் அந்த நிமிடமே பொய்யாகிவிடும், ஏனென்றால் அங்கே நிற்பவர்களில் யாருக்கும் அது பயமில்லை. மணற்காட்டில் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோயிலும் அப்படித்தான். கூரையில்லாத அந்தச் சுவர்கள் உங்களுக்குச் செலவில்லாத செட் போலத் தெரியும். ஊருக்கு அது கோயில். அதன் முன் நடப்பதாகக் காட்டலாம், ஊரைக் கேட்டுவிட்டு. பலிபீடம் ஆக்கக்கூடாது. உங்கள் கூட்டம் எதைக் கும்பிடுகிறது என்பதை நீங்களே புதிதாக உண்டாக்குங்கள். இன்னும் நல்லது, கடைசிவரை சொல்லாதீர்கள்.

"அப்படியானால் எங்களுக்கு என்று ஒரு பயமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் அண்மைக்காலத்தது. 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் வந்ததே. உடம்பில் கிறீஸ் பூசிய உருவங்கள் இரவில் பெண்களைத் தாக்குகின்றன என்று நாடு முழுவதும் கதை பரவி, யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. நாவாந்துறையில் அது ஊருக்கும் படையினருக்கும் மோதலாக முற்றி, நள்ளிரவில் வீடுகளுக்குள்ளிருந்து ஆட்கள் இழுத்துச் செல்லப்பட்டு அடிக்கப்பட்டார்கள். அந்த இரவுகளை நான் காதால்தான் நினைவு வைத்திருக்கிறேன். முதலில் தூரத்து ஒழுங்கையில் ஒரு நாய். பிறகு அடுத்த ஒழுங்கையில். குரைப்பு வீடு வீடாக நடந்து உங்கள் வேலிவரை வரும். பிறகு யாரோ ஒரு விசில். அதற்குப் பதில் விசில். தகரத்தில் தட்டும் சத்தம். யாரும் எதையும் காணவில்லை, ஆனால் எல்லோரும் பொல்லுடன் வெளியே நின்றோம். எங்கள் ஒழுங்கைக்குள் தவறி நுழைந்த ஓர் ஆளை ஊரே சுற்றி வளைத்து அடையாள அட்டை கேட்டது. அவர் நடுங்கிக்கொண்டே காட்டினார். அந்தச் சில நிமிடம் நாங்கள்தான் அந்தக் கூட்டம். பதிவுக் கருவி வீட்டில் கட்டிலுக்கடியில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. என் தொழிலில் நான் விட்ட மிகப் பெரிய பிழை அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் படத்துக்கு வேண்டிய முழு ஒலித்தடமும் அந்த இரவுகளில் இருந்தது.

இன்னொரு வாசலையும் தயக்கத்துடன் காட்டுகிறேன். கடலோரக் கூட்டம் ஆட்களைக் கொண்டுபோகிறது, அவர்கள் திரும்புவதில்லை என்பதுதான் உங்கள் கதை. இந்த மண்ணில் அந்த வாக்கியத்துக்கு வேறு பொருள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்தபடி வீதியோரம் இருக்கிற தாய்மாருடைய ஊர் இது. மனிதப் புதைகுழிகள் தோண்டப்பட்ட செம்மணியின் ஊர். 2004 டிசம்பர் 26இல் இதே வடமராட்சிக் கரைகள் எத்தனை பேரைக் கொடுத்தன என்பதும் உங்களுக்குத் தெரியும். மணலுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காட்சியை வேறெங்கும் விளையாட்டாக எடுக்கலாம். இங்கே வேண்டாம், உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் ஒரு வீட்டின் வாசலில் ஒரு சோடி செருப்பு மழையிலும் வெயிலிலும் அப்படியே இருப்பதைக் காட்டலாமா? காட்டினால் அது துயரத்தைத் தொடுமா, துயரத்தை விற்குமா? இதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை. எழுதுகிற கையைப் பொறுத்தது என்றுதான் படுகிறது.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன், இங்கே சந்தேகமில்லாமல் பேசலாம். கடல் சத்தம் பயம் தரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். தராது. அலையோசையில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. அது காதைத் தாலாட்டும், வசனத்தை விழுங்கும். அதிலும் முதலில் விழுங்குவது மெய்யெழுத்துகளை. உயிரெழுத்துகள் மட்டும் மிதந்து வரும். ஆகவே கரையைக் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், கண்ணை மூடியும் தேர்ந்தெடுங்கள். வங்காள விரிகுடாவைப் பார்த்த வடமராட்சி கிழக்கில், வாடைக்காற்று எழுந்த பிறகு, பத்தடி தள்ளி நிற்பவர் பேசுவது பதிவாகாது. பருத்தித்துறைப் பக்கம் கடலுக்குள் முருகைக்கல் திட்டுகள் அலையை உடைத்து அனுப்புவதால் சத்தம் தாழ்ந்து வரும். பரவைக் கடலோரம், அதாவது ஆழமில்லாத உள்கடலோரம், போனால் அநேகமாக அலையே இல்லை. தண்ணீர் கல்லை நக்கும் சத்தம் மட்டும். பயத்துக்கு எது நல்லது என்று என்னைக் கேட்டால், பரவைதான். ஆனால் சோளகம் வீசுகிற மாதங்களில் எங்கே போனாலும் மைக்குக்குள் காற்று அடிக்கும். உரோம உறை இல்லாமல் கடற்கரைக்கு மைக் கொண்டு போவது குடையில்லாமல் மாரியில் போவதற்குச் சமம்.

வசனத்துக்குப் பணமில்லாதவர்களின் வழி: நடிகரின் சட்டைப்பையில் ஒரு கைத்தொலைபேசியைப் பதிவில் விட்டு வையுங்கள், நெஞ்சுக்குக் கிட்டவாக. கமரா ஓடத் தொடங்கியதும் கையைத் தட்டினால் பிறகு இணைக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடச் சூழல் ஒலி எடுங்கள். யாராவது ஒருவர் இருமுவார், மறுபடி எடுங்கள். மணலில் நடக்கும் சத்தம் கடற்கரையில் கிடைக்காது. ஒரு தட்டு மணலை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவை மூடிவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே கைவித்தையையும் சொல்லிவிடுகிறேன். படம் தொடங்கியதிலிருந்து எல்லாக் காட்சிக்கும் அடியில், வீட்டுக்குள் நடக்கும் காட்சியிலும்கூட, கடலை மெல்லியதாக ஓடவிடுங்கள். கால்மணி நேரத்தில் பார்ப்பவர் அதை மறந்துவிடுவார். பிறகு, திரையில் அலை அடித்துக்கொண்டிருக்கும்போதே, சத்தத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். நான் இதை ஒருமுறை செய்து பார்த்தேன். சபையில் இரண்டு பேர் பழுதாகிவிட்டதென்று ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்கள் கதிரையில் நிமிர்ந்தார்கள். ஒரு படத்தில் ஒரே ஒரு தரம்தான், இரண்டாம் தரம் எல்லோரும் ஒலிபெருக்கியைத்தான் பார்ப்பார்கள். சத்தத்தால் திடுக்கிட வைப்பதும் உண்டு, அதன் பழைய பாடம் 1942இன் 'கேற் பீப்பிள்': பின்தொடரும் காலடி நின்றுபோய், நாம் மூச்சைப் பிடித்திருக்கும்போது, சீறிக்கொண்டு வந்து நிற்பது சிறுத்தையல்ல, பஸ். அந்தப் படமும் மலிவாக எடுத்ததுதான்.

இரவுக் காட்சிக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்காதீர்கள். அதன் சத்தம் என் ஒலியைக் கெடுக்கும், அதன் வாடகை உங்கள் சோற்றைக் கெடுக்கும். பகலில் எடுத்து இரவாக்கும் பழைய முறை கடற்கரையில் எடுபடாது. வானமும் தண்ணீரும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் அகலாங்கில் சூரியன் மறைந்த பிறகு பயன்படக்கூடிய வெளிச்சம் ஏறக்குறைய 22 நிமிடம். விடியலிலும் அவ்வளவே. பகல் முழுவதும் ஒத்திகை பாருங்கள், அந்த 22 நிமிடத்தில் ஒரே மூச்சில் எடுங்கள். 1973இல் வந்த 'த விக்கர் மேன்' படத்தைக் குளிர் தொடங்கிய பிறகு எடுத்தார்கள், கதையிலோ வசந்தகாலம். மரங்களில் பூவை ஒட்டினார்கள், மூச்சு ஆவியாகத் தெரியாமலிருக்க நடிகர்கள் வாயில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டார்கள். அதோடு ஒப்பிட்டால் 22 நிமிடம் பெரிய கொடுமை அல்ல. அந்தப் படத்தில் ஊர்க்காரர்கள் எவ்வளவு சந்தோசமாக இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கடைசிக் கட்டத்தில் எல்லோரும் கைகோத்துப் பாடுகிறார்கள். ஒருவர்கூட முறைப்பதில்லை.

சில்லறை விஷயங்கள்: கிராம அலுவலர், கடற்றொழிலாளர் சங்கம், பொலிஸ், கிட்டவுள்ள கடற்படை முகாம் நான்கிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இரவில் கடற்கரையில் தீப்பந்தத்துடன் நிற்பவர்களை இந்த நாட்டில் யாரும் கலைஞர்கள் என்று முதலில் நினைக்கமாட்டார்கள். ட்ரோனுக்குத் தனி அனுமதி. காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள். உப்புக்காற்று பட்ட கமராவை ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால் துடையுங்கள்.

நடிகர்களைப் பற்றி எனக்கு இரு மனம். வடமராட்சியில் காத்தவராயன் கூத்து ஆடியவர்கள் இருக்கிறார்கள், கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்துக் காரர்கள் இருக்கிறார்கள். குரல் என்றால் அதுதான் குரல். ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகியவர்கள், கமராவுக்கு முன் ஒரு புருவத்தை உயர்த்தினாலே அதிகமாகிவிடும். பேசாத பாத்திரங்களை அவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். கூத்துக்காரர் ஒருவர் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது அவருக்குள் ஏதோ அடைத்து நிற்பது தெரியும்; நான் பார்த்த அளவில் அது பயமுறுத்துகிறது. எல்லோருக்கும் பொருந்துமா என்று உறுதி சொல்லமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வாசிகசாலைக் காட்சியை மட்டும் கைத்தொலைபேசியில் எடுங்கள். ஒலியை ஒழுங்காக எடுத்துச் சேருங்கள். பிறகு சினிமாவில் அக்கறையில்லாத ஓர் ஆச்சியைப் பிடித்து, திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்கவையுங்கள். "நல்லாயிருக்கிறது மோனை" என்று சொன்னால் ஆறு இலட்சத்தையும் வங்கியில் போடுங்கள். "யார் இவ்வளவு பேர் வந்து இருந்தது? ஏன் ஒருவரும் பேசவில்லை?" என்று கேட்டால் எனக்கு எழுதுங்கள், உரோம உறையுடன் வருகிறேன்.